எட்டுக்கு ஒரு சால்

மக்காச்சோளச் செடியில் மக்காச்சோளக் கதிரைக் கொண்டுபோய்க் கட்டிவைத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் நைனா, என் அப்பா.

புரட்டாசி மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வேர்க்கடலை இலையில் பனி காயவில்லை. நைனா வாயில் நாலைந்து கத்தாழை நாரைக் கவ்விக்கொண்டு, மடியில் பத்துப் பன்னிரண்டு கதிர்களைக் கட்டிக்கொண்டு, ரோட்டோரச் சாலில், அந்த ஒற்றை வரிசையில், ஒவ்வொரு செடியாக நின்று நின்று போனார். செடியில் இருந்த கதிரை முறித்து முதுகுக்குப் பின்னால் எறிவார். மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்து அதே இடத்தில் வைத்து நாரால் சுற்றுவார். மடலை இழுத்து முடிச்சை மூடுவார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் கட்டுகிறவன்கூட அவ்வளவு கவனமாகக் கட்ட மாட்டான்.

"இன்னா பண்ற நைனா?" என்றேன்.

வாயில் நார் இருந்தது. கையால் 'போ' என்றார்.

அந்தக் கதிர்கள் எங்கிருந்து வந்தன, முறித்து எறிந்த கதிர்களுக்கு என்ன கேடு, யாரை ஏமாற்ற இந்த வேலை. இதையெல்லாம் இந்த வாரம் சொல்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் இதை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டுதான் வருகிறது.

அடுத்தவன் வரப்பு

போன வாரம் எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்ஜியத்திலிருந்து ஆந்திராவுக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், 'எல்லை மாறியபோது உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்' என்று உருக்கமாகக் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, எங்கள் மனம் ஒன்றும் பாடுபடவில்லை. எங்கள் காகிதம்தான் பாடுபட்டது.

எங்கள் ஜனத்துக்கு அதுவரைக்கும் வரப்பு என்றால் அடுத்தவன் வரப்பு. களை எடுக்கப் போவோம், கூலி வாங்கிக்கொண்டு வருவோம். எல்லை மாறுவதற்குச் சற்று முன்னால்தான் ஏரிக்கு மேலே கிடந்த புறம்போக்கைத் துண்டு போட்டு எங்கள் மாதிரி கூலி ஆட்களுக்கு அனுபவிக்கக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது முக்கால் ஏக்கர். ரோட்டை ஒட்டி வடக்கு தெற்காக, காயப்போட்ட வேட்டி மாதிரி நீளமான துண்டு. நிரந்தரப் பட்டா பிறகு தருகிறோம் என்றார்கள்.

பிறகு என்று சொன்ன ஆபீஸ் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

புது ஆபீஸில் கேட்டால், "சாகுபடி செய்து காட்டு, இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், பார்த்து எழுதினால் பட்டா, இல்லாவிட்டால் நிலம் சர்க்காருக்கு" என்றார்கள். அதையும் தெலுங்கில் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் பக்கத்துக் கழனிக்காரர் முனிரத்தினம் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் புறம்போக்கில்தான் அவருடைய மாடுகள் இத்தனை நாளும் மேய்ந்தன. 'இவர்களுக்குக் களை எடுக்கத்தான் தெரியும், பயிர் வைக்கத் தெரியாது, நிலம் பாழாகிறது' என்று மனு. அதை எங்கள் நைனாவிடமே வந்து சொன்னார்.

"தப்பா நெனைக்காதடா. உன் நல்லதுக்குதான் எழுதிக் குடுத்துக்கீறேன். பயிருன்னா தல நோவு. உனுக்கு எதுக்கு?"

நைனா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அந்த முக்கால் ஏக்கர் போனால் மறுபடியும் முனிரத்தினத்தின் வரப்பில்தான் போய் நிற்க வேண்டும்.

முடிச்சுப் போட்ட கயிறு

அந்தச் சமயத்தில்தான் வீரிய மக்காச்சோளம் என்று புது விதை வந்தது. ஹைபிரிட். நிலம் வைத்திருந்த எவனும் அதைத் தொடவில்லை. முதலில் வேறு எவனாவது போட்டு நாசமாகட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த விதையைப் பரப்ப வந்த சர்க்கார் ஊழியர், கிராம சேவக், கடைசியில் எங்களிடம் வந்தார். நெட்டையான ஆள், சைக்கிளில் வருவார். ஒரு துணிப்பையில் விதையும், ஒரு கயிறும் கொடுத்தார்.

கயிற்றில் இரண்டரை அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு சிவப்புத் துணி.

"முடிச்சுக்கு ஒரு சால் புடிங்க. பக்கத்துல பக்கத்துல பத்து சாலாவது இருக்கணும். கட்டம் மாதிரி போடணும். தனிச் சாலா மட்டும் போடாதீங்க" என்றார்.

"ஏன் சார்?" என்று நான் கேட்டேன். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவன் என்ற திமிர் இருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மேல இருந்து அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

இதுதான் எனக்கு ஆத்திரம். ஏன் என்று ஒரு வார்த்தை அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு அவ்வளவு அசிங்கம் நேர்ந்திருக்காது. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கயிற்றைக் கொடுக்கிறான். காரணத்தைக் கொடுப்பதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். என் பேரன் கைபேசியில் ஏதோ பார்த்துவிட்டு 'ஜோடிச் சால் போடணும் தாத்தா' என்கிறான். ஏன்டா என்றால் 'அதுல போட்டிருக்கு' என்கிறான்.

கிராம சேவக் மெட்ராஸ் பக்கத்து ஊழியர். அடுத்த மாதமே அவரையும் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள். சந்தேகம் கேட்கக்கூட ஆள் இல்லை.

நைனா அந்தக் கயிற்றை முறுக்கிப் பார்த்தார். "நல்ல கயிறு" என்றார். கிழட்டு எருதுக்குக் கழுத்துக் கயிறாகக் கட்டிவிட்டார். ஊர் முழுக்கச் சிவப்புத் துணி கட்டிய எருது எங்களுடையது ஒன்றுதான்.

அக்கடி

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையைத் தனியாகப் போட மாட்டார்கள். எட்டு சால் வேர்க்கடலை, ஒரு சால் துவரை. மறுபடி எட்டு, மறுபடி ஒன்று. துவரை இல்லாவிட்டால் ஆமணக்கு. இதற்கு அக்கடி என்று பேர். மழை ஏமாற்றினாலும் ஏதாவது ஒன்று கைக்கு வரும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. துவரைக்கு நல்ல ஏற்பாடு.

நைனா ஆயுசு முழுக்க அடுத்தவன் நிலத்தில் அக்கடி போட்டவர். சொந்த நிலம் கிடைத்ததும் என்ன செய்வார்? அக்கடி போட்டார். எட்டு சால் வேர்க்கடலைக்கு ஒரு சால் மக்காச்சோளம். அந்த ஒடுக்கமான துண்டில் மொத்தம் நாலே சால். அதிலும் துவரைக்கு விடுகிற மாதிரி இரண்டு முழத்துக்கு ஒரு விதை.

"சேவக் சார் கட்டமா போடச் சொன்னாரே நைனா" என்றேன்.

"அவன் மூஞ்சி. சைக்கிள்ல வர்றவனுக்கு ஏர பத்தி இன்னா தெரியும்? சோளம் மட்டும் போட்டு அது பூட்டா, மண்ண துன்னுவியா?"

நானும் ஏன் என்று தெரியாதவன்தானே. அவர் சொன்னபடியே விதை போட்டேன்.

நாலு சாலுக்கு எவ்வளவு விதை பிடிக்கும்? பையில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. அதை என் அக்கா கன்னியம்மா எடுத்துக்கொண்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். வந்தவளை நைனா 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. நிலத்தின் தென்கோடியில் ஒரு மூலை இருந்தது. முனிரத்தினத்தின் மாடுகள் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த இடம். சாணி ஊறிப்போன மண். அங்கே வேர்க்கடலை போட்டால் கொடிதான் மண்டும், காய் பிடிக்காது என்று நைனா விட்டுவிட்டார்.

"அந்த மூல எனுக்கு" என்றாள் அக்கா.

"எட்த்துக்கோ. இன்னாத்த கிழிக்கப் போற?" என்றார் நைனா.

அவள் எருதின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சுக்கு ஒரு சாலாகக் குட்டையாகப் பன்னிரண்டு சால் பிடித்தாள். மீந்த விதையை அங்கே போட்டாள். கயிற்றை மறுபடி எருதுக்கே கட்டிவிட்டாள். சேவக் சொன்னதை நம்பிச் செய்தாளா என்று பிற்பாடு கேட்டேன். "எடம் அவ்ளோதான் இருந்திச்சி, வேற எப்படிப் போட்றது?" என்றாள்.

மஞ்சள் நோய்

பயிர் வந்ததே, அடேயப்பா. அக்கடிச் செடிகள் ஆள் உயரம் தாண்டி, கரும்பு கனத்துக்கு வளர்ந்தன. சுற்றிலும் வெயில், போட்டிக்கு ஆள் இல்லை, ஏன் வளராது? ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நைனா அந்த நேரமாகப் பார்த்து ரோட்டோரம் போய் நின்றுகொள்வார்.

ஆவணியில் உச்சியில் பூ வந்தது. ஆடியில் ஆரம்பித்த மேல்காற்று ஆவணியிலும் விடவில்லை. சால் வடக்கு தெற்கு, காற்று மேற்கிலிருந்து குறுக்கே. ஒரு நாள் காலையில் பார்த்தேன். வேர்க்கடலை இலையெல்லாம் மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது.

எட்டாவது படித்த அறிவாளி நான் என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சள் நோய் என்று முடிவுகட்டி, வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் வாங்கிவந்து, இரண்டு நாள் கூடை கூடையாகத் தூவினேன். கண்ணெல்லாம் எரிந்தது. நைனா என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

அக்கா மட்டும் அந்த மூலையிலிருந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தாள். தலை, ரவிக்கை, புருவம் எல்லாம் அதே மஞ்சள் மாவு.

"இன்னாடி இது கோலம்?" என்றார் நைனா.

"சோளத்துக்குள்ள போனா கொட்டிக்கினே கீது" என்றாள்.

கண்ணெதிரே நின்று சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

பொக்கை வாய்

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனதற்கு மறுநாள், நைனா ரோட்டோரச் சாலில் ஒரு கதிரை உரித்தார். மடலை இழுக்க இழுக்க அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

உள்ளே வெறும் சக்கை. அங்கொரு மணி, இங்கொரு மணி. கிழவன் வாய் மாதிரி. அடுத்ததை உரித்தார், அதுவும் அப்படியே. நாலு சாலிலும் அப்படித்தான். அவ்வளவு பெரிய செடி, அவ்வளவு நீளக் கதிர், உள்ளே ஒரு பிடி மணி தேறாது.

அக்காவின் மூலையில் போய் உரித்தோம். மணி நெருக்கியடித்துக்கொண்டு, நுனிவரைக்கும் வரிசை வரிசையாக நிறைந்திருந்தது.

நைனா அந்தக் கதிரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் இப்படி என்று அந்த மனிதர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் நாருக்கு எங்கே போவது என்று யோசித்திருக்கிறார்.

மறுநாள் விடிகாலையில், அக்காவின் மூலையில் முறித்த கதிர்களைத்தான் ரோட்டோரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"என் கதிர ஏன் அறுத்த? இதுக்கு அந்த மூலைக்கே கூட்டிக்கினு போய்க் காட்டலாம்ல?"

"மூல மொழம் எடம். அத்தப் பாத்து எவன்டி பட்டா குடுப்பான்? ரோட்டோரம்தான் பாப்பானுங்க. நீ வாய மூடு."

சைக்கிள் கேரியர்

வெயில் ஏறின பிறகு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். குண்டான மனிதர், கழுத்தில் கைக்குட்டை. கூடவே முனிரத்தினம். ரோட்டிலேயே நின்று பார்த்த இன்ஸ்பெக்டர், "பாகுந்தே!" என்றார். நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். நைனா மார்பை நிமிர்த்தினார். அந்த ஆள் அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பார்.

முனிரத்தினம் விடவில்லை. "கதிர ஒட்ச்சிப் பாருங்க சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். கதிர் முறியாமல் சுழன்றது. மறுபடி இழுத்தார். நாரோடு கழன்று கையில் வந்தது. இன்ஸ்பெக்டர் நாரைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

"இதேமிடிரா? செட்டுக்கு தாலி கட்டினாவா?" என்றார். இது என்னடா, செடிக்குத் தாலி கட்டினாயா என்று.

முனிரத்தினம் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். "நான்தான் அப்பவே எழுதிக் குடுத்தேனே சார். பயிர் வைக்கத் தெரியாது. ஆனா ஜோடிக்க நல்லாத் தெரியுது" என்றார்.

இன்ஸ்பெக்டர் நாரில்லாத கதிர் ஒன்றை முறித்து உரித்தார். பொக்கை. நோட்டுப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்தார். மோசக்காரர்கள், நிலம் ரத்து என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். நைனா "சாமி, சாமி" என்றார்.

சைக்கிள் நகரவில்லை. அக்கா பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கட்னது மோசம்தான் சாமி. தப்புதான். ஆனா அந்தக் கதிரு இந்த நெலத்துல வௌஞ்சதுதான். நாலடி நடந்து பாத்துட்டு அப்பால ரத்து பண்ணு."

"வதுலு!" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர். விடு என்கிறார்.

"பாத்தா வுட்றேன்."

அவர் மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கினார். நடந்தார்.

மூலைக்குள் அவரே நுழைந்து, தாமே பொறுக்கி நாலு கதிர் உரித்தார். நாலும் நிறைந்திருந்தன. "ஒகடே வித்தனமா?" என்று கேட்டார். ஒரே விதைதானா என்று.

"ஒரே பை சாமி" என்றாள் அக்கா.

முனிரத்தினம் உடனே குறுக்கே வந்தார். "சார், அது சாணி மண்ணு. என் மாட்டுச் சாணி. எதப் போட்டாலும் வௌயும்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தபோதுதான் மூளை வேலை செய்தது.

"சாணி மண்ணுன்னா செடி இல்ல பெருசா வளர்ணும்? பாருங்க சார், சால் செடிதான் பெருசு. மூலச் செடி குட்ட. செடிக்குக் கொற இல்ல. மணிதான் புடிக்கல" என்றேன். சொல்லும்போதே ஆவணியில் அக்காவின் புருவத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் மாவு கண்ணில் வந்து நின்றது. "உச்சிப் பூவு மாவு சார். அது கதிரோட மீசமேல விழுந்தாதான் மணி புடிக்கும் போல. தனிச் சாலுல காத்து அத்த அப்படியே தூக்கினு போயி வேர்க்கல்லமேல கொட்டிட்ச்சி. இங்க பக்கத்துல பக்கத்துல சாலு இருக்கறதுல ஒண்ணு மாவு இன்னொண்ணுமேல வுழுந்துகீது. நான்தான் அத்த நோவுன்னு சாம்பலடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று தெரியாது. சாம்பல் அடித்தேன் என்றதற்கு மட்டும் சிரித்தார். ஒரு முழுக் கதிரைத் தம் பையில் போட்டுக்கொண்டார். நோட்டைத் திறந்தார்.

"எவரு வேசினதி?" என்றார். யார் பயிர் வைத்தது?

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நைனா இரண்டு எட்டு முன்னால் வந்து, "நான்தான் சாமி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எட்டாவது படித்தவன், அவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினவன். 'இல்லை சார், இவள்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். நைனாவின் பெயரை எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

யாருடைய புண்ணியம்

வைகாசியில் பட்டா வந்தது. தெலுங்கில். தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் அது தன் சிபாரிசு என்றார். முனிரத்தினம், மாட்டுச் சாணியின் மகிமை என்றார். நைனா, ஏழுமலையான் கொடுத்தது என்று திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் பங்கு கொடுத்தாயிற்று. வந்த லட்டில் அக்காவுக்கு ஒரு விள்ளல் கிடைத்தது.

ஆனியில் முதல் மழை விழுந்தது. மறுபடி மக்காச்சோள விதை வாங்கி வந்திருந்தோம். மண் வாசனை அடிக்கிற நிலத்தில் நைனா ஏரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எட்டுக்கு ஒண்ணு" என்றார்.

"போன வருசம் பாத்தியே நைனா! பொக்கையா பூட்ச்சே!"

"பொக்கையோ இன்னாவோ, அக்கடி போட்டோம், நெலம் கெட்ச்சிது. ராசியான சாலு. மாத்தக் கூடாது."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது? நான் கத்தினேன். அவர் அதற்குமேல் கத்தினார். எருதுகள் காதை ஆட்டிக்கொண்டு நின்றன.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேராக எருதிடம் போனாள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். சிவப்புத் துணியெல்லாம் சாயம் போய்ப் பழுப்பாகியிருந்தது. மூலைக்குப் போகவில்லை. நிலத்தின் நட்டநடுவில் போய் நின்று, ஒரு முனையைத் தன் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை என்மேல் எறிந்தாள்.

"புடி."

பிடித்தேன். கயிறு முழுக்க மாட்டு வேர்வை நாற்றம்.

நைனா வரப்பில் நின்று கத்தினார். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. "ஏய், நெலம் என் பேர்ல கீதுடி! ஞாபகம் இருக்கட்டும்!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் முடிச்சுக்கு நேராகக் குனிந்து குச்சியால் கோடு கிழித்தாள்.

"பேரு உன்னுதாவே இருக்கட்டும். சாலு என்னுது. டேய், கயித்த தொங்க வுடாத, இழுத்துப் புடி."